பட்டறைக்கு ஆள் தேவை

நம் நகரங்களிலும் சிற்றூர்களிலும் இரு சக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை இல்லாத தெருவைக் காண்பது அரிது. அக்கடைகளுள் ‘வேலைக்கு ஆள் தேவை’ என்ற அட்டை தொங்காத கடையைக் காண்பது அதனினும் அரிது. வெயிலில் வெளுத்து, ஓரங்களில் கிரீஸ் விரல்களின் ரேகை படிந்து, அடியில் எழுதிய கைபேசி எண்ணில் ஓரிரு இலக்கங்கள் மறைந்தும் போன பிறகு, அவ்வட்டை கடையின் நிரந்தரமான அங்கங்களுள் ஒன்றாகிவிடுகிறது. படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர்களைப் பற்றி நாள்தோறும் கவலையோடு பேசுகிற இதே நாட்டில், வேலையை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிற ஒரு வகுப்பாரும் இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் தேடுவது ஆண்டுக்கணக்கில் கிடைக்காமலே இருக்கிறது என்பதும், மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு விசித்திரமாகத் தோன்றலாம்.

கடைக்காரரைக் கேட்டால் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்க மாட்டேங்குது.’ இளைஞனைக் கேட்டால் அவன் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: ‘அங்க குடுக்கிற சம்பளத்துக்கு யாரு போவா?’ இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் கூட்டினாலும் முழு உண்மை கிடைப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் இந்தச் சிரமத்தின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. சிறிய பட்டறைகள் பழைய நாளில் சம்பளத்துக்கு ஆள் அமர்த்தியதே அபூர்வம். அவற்றுக்குக் கிடைத்தவர்கள் சிஷ்யர்கள். ஆகையால் ஆள் அமர்த்துவது என்னும் காரியம், அதாவது முன்பின் தெரியாத ஒருவனை அழைத்து, அவன் திறமையை மதிப்பிட்டு, ஊதியம் பேசி, பொறுப்பை ஒப்படைத்து, அவன் நிலைத்திருக்குமாறு பார்த்துக்கொள்வது என்னும் காரியம், நாற்பது ஆண்டு அனுபவம் வாய்ந்த மெக்கானிக்குகளுக்கும் புத்தம் புதிய வித்தையாக இருக்கிறது.

இத்தொழில் நம்மிடையே பரவிய கதையைச் சற்று நினைவுகூர்ந்தால் இது விளங்கும். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் வண்டிகள் பூட்டப்படத் தொடங்கியபோதும், பின்னர் மைசூரிலிருந்து ஜாவா வண்டிகள் வரத் தொடங்கியபோதும், மோட்டார் சைக்கிள் என்பது பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய வாகனமாகவே இருந்தது. அதைப் பழுதுபார்க்க ஊருக்கு ஒருவர் இருவர் போதுமாயிருந்தது. 1980-இல் ஒசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும் வெளிவந்த பிறகு, பால்காரரும் பள்ளி ஆசிரியரும் மளிகைக் கடைக்காரரும் வண்டி வாங்கலானார்கள். வண்டிகள் பெருகிய வேகத்துக்கு மெக்கானிக்குகளை உருவாக்கித் தந்தது எந்தப் பள்ளிக்கூடமும் அன்று. ஒரு பட்டறையில் பழகியவன் பிரிந்து மற்றொரு பட்டறை வைத்தான். அவனிடம் பழகியவர்கள் பிரிந்து மேலும் சில பட்டறைகள் வைத்தார்கள். ஆலமரம் விழுது விட்டாற்போல் தொழில் தானே தன்னைத் தாங்கிப் பரவிற்று. அன்று பழக வந்த சிறுவர்கள்தாம் இன்று ஐம்பது வயதைக் கடந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுவதற்குக் கையூன்ற வேண்டிய நிலையில், தமக்குப் பதிலாகக் குனிய ஒரு முதுகைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் பழகிய முறையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்பது பிரயோஜனமுள்ளது. தகப்பனாரோ தாய்மாமனோ பையனைக் கையில் பிடித்து அழைத்து வந்து, ‘இவனை உங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன். அடிச்சாலும் சரி, வைதாலும் சரி, தொழிலைக் கத்துக் குடுத்துடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். பையன் கடையைப் பெருக்குவான், டீ வாங்கி வருவான், கழற்றிய உதிரிகளை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து வேஸ்ட் துணியால் துடைத்து வரிசையாக வைப்பான். இதில் அறிவு வளர இடமேது என்று நினைப்பவர்கள், எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் முதலில் அகப்படுவது கழுவுகிறவன் கையில்தான் என்பதைக் கவனிப்பதில்லை. எந்த போல்ட் நீளம், எது குட்டை, எந்த வாஷர் எதன் அடியில் உட்காரும், எந்தப் பல்சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவன் விரல்களில் ஏறிவிடும். பிறகு மேஸ்திரி தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டி, ‘பத்து-பதினொண்ணு’ என்றால் அந்த ஸ்பேனரையும், ‘பன்னெண்டு-பதிமூணு’ என்றால் இந்த ஸ்பேனரையும், கேட்ட மாத்திரத்தில் உள்ளங்கையில் வைக்கப் பழகுவான். அதன்பின் பஞ்சர், பிரேக் ஷூ, கேபிள், செயின்; அதன்பின் கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தல்; அதன்பின் கிளட்ச் பிளேட். இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்த ஏதோ ஒரு நாளில், மேஸ்திரி எழுந்து ஒதுங்கி நின்று, ‘ஹெட்டை நீ இறக்குடா’ என்பார். அந்த வார்த்தைதான் பட்டமளிப்பு. வேறு சான்றிதழ் கிடையாது.

இக்காலம் முழுவதும் பையனுக்குக் கிடைத்தது சனிக்கிழமை தோறும் கைச்செலவுக்குச் சில்லறை, மத்தியானச் சாப்பாடு, தீபாவளிக்குத் துணி, ஆயுத பூஜையன்று பொரி கடலையோடு கொஞ்சம் பணம். இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. முதலாண்டில் பையனால் மேஸ்திரிக்கு வருவது பெரும்பாலும் நஷ்டமே: மரை வீணாகும், பிளக் உடையும், சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் மேஸ்திரி தம் கையால் வேறொரு வண்டியை முடித்திருக்கலாம். மூன்றாம் ஆண்டில் அவன் முழு ஆளின் வேலையைச் செய்து அரை ஆளின் கூலி வாங்கும்போது அந்தக் கடன் தீரும். பையன் தன் உழைப்பைக் கல்விக் கட்டணமாகக் கொடுத்தான். மேஸ்திரி தம் வித்தையைக் கூலியாகக் கொடுத்தார். இருவருக்கும் நடுவே, இன்ன காலத்துக்குப் பிறகு பையன் பிரிந்து சொந்தக் கடை வைப்பான் என்ற நம்பிக்கை எழுதாத ஷரத்தாக நின்றது. தன்னிடம் வேலை செய்கிறவன் என்றாவது போய்விடுவான் என்பதையே ஆதாரமாகக் கொண்டு நடந்த தொழில் இது. போகிறவன் இடத்துக்கு வாசலில் இன்னொருவன் காத்திருந்ததால் அது நடந்தது.

அந்த வாசல் இப்போது அடைபட்டுவிட்டது, அடைபட்டது நியாயமுமாகும். பழைய ஏற்பாட்டை நினைத்து ஏக்கத்தோடு பேசுவோர், அங்கே மண்ணெண்ணெயில் கை ஊறிக் கிடந்தவர்கள் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்பதையும், அவர்களுள் தொழில் கற்றுத் தலையெடுத்தவர்களைத்தான் நாம் இன்று முதலாளிகளாகப் பார்க்கிறோம், அடி பொறுக்காமல் ஓடிப்போனவர்களை எங்கும் பார்ப்பதில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றும், 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்தலாகாது என்றும் கண்டிப்புச் செய்த 2016-ஆம் ஆண்டின் திருத்தமும் இதற்கு ஒரு காரணம். சட்டத்தினும் வலிய காரணம் பள்ளிக்கூடம். 1956-இல் காமராஜர் காலத்தில் விரிந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கிய சத்துணவும், ஏழை வீட்டுப் பிள்ளை பட்டறைக்குப் போவதற்குப் பெரும் தூண்டுதலாக இருந்த ஒருவேளைச் சோற்றைப் பள்ளிக்கே கொண்டுவந்து சேர்த்தன. அதன் பயன் இன்று உயர்கல்வி வரை தெரிகிறது: 2021-22-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்குப்படி, உயர்கல்வியில் சேர்வோரின் விகிதம் நாடு முழுவதற்கும் சுமார் 28 சதவீதமாக இருக்கையில், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பட்டறைக்கு ஆள் கிடைக்காமல் போனதன் மறுபக்கத்தில் இவ்வளவு பெரிய லாபம் சமூகத்துக்கு உண்டு. ஆனால் தொழில் கற்பித்த அந்தச் சம்பளமில்லாப் பள்ளி மூடப்பட்ட பிறகு, அதே வேலையைச் செய்யும் வேறொரு பள்ளியை யாரும் திறக்கவில்லை என்பதும் மெய்.

ஐ.டி.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் வளர்ந்த இந்நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டாண்டுகள் நடக்கிறது. நல்ல பிள்ளைகளும் அதிலிருந்து வெளிவருகிறார்கள். வெளிவந்தவுடன் அவர்கள் நோக்குவது ஒசூரையும் ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும்தான். அங்கே கம்பெனிச் சட்டை உண்டு, ஏற்றிச் செல்லும் பஸ் உண்டு, கேன்டீன் உண்டு, மாதச் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் உண்டு. அது ஒப்பந்த வேலையே ஆனாலும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் தகரக் கூரையின்கீழ் வெயில் காய்வதைவிட அதை ஒருவன் விரும்பினால் அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஐ.டி.ஐ.க்கும் போகாதவனுக்கோ, கைபேசியும் ஒரு வண்டியும் இருந்தால் போதும். உணவுப் பொட்டலம் கொண்டுகொடுக்கும் வேலையில் அந்த வாரமே காசு கையில் வரும், ‘ஏண்டா லேட்டு’ என்று பலர் முன்னிலையில் யாரும் கேட்கமாட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: காலை முதல் நள்ளிரவு வரை ஓடித் தேயும் அந்தப் பையன்களின் வண்டிகளே இன்று பட்டறைகளுக்கு மிகுதியான வேலை கொடுக்கின்றன, அந்த வேலையைச் செய்யப் பட்டறையில் கை இல்லாததற்கும் அவர்களே ஒரு காரணம்.

சரி, சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தால் என்ன? இக்கேள்விக்கு விடை, கடைக்காரரின் கல்லாவுக்குள் இருக்கிறது. சாதாரண சர்வீஸ் ஒன்றுக்கு உதிரி விலை நீங்கலாகக் கூலியாக நானூறு, ஐந்நூறு ரூபாய் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இருவர் சேர்ந்து ஒரு நாளில் முடிக்கக்கூடிய வண்டிகள் நாலோ ஐந்தோ. அதிலிருந்து வாடகை, மின்சாரம், கம்ப்ரஸர், லேத்துக்காரருக்குக் கொடுப்பது எல்லாம் போக மிஞ்சுவதில்தான் முதலாளியின் குடும்பமும் ஆளின் குடும்பமும் ஜீவனம் செய்ய வேண்டும். வேலையும் ஒரே சீராக வருவதில்லை. மழை தொடங்கிய வாரத்தில் நனைந்த பிளக்கும் நீர் புகுந்த சைலன்ஸருமாக வாசல் நிரம்பும்; பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் ஆயில் மாற்றுவதைக் கூட ஜனங்கள் தள்ளிப்போடுவார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கவேண்டிய மாதச் சம்பளத்துக்கு முதலாளி அஞ்சுகிறார். வேலை இருந்தால் மட்டும் கிடைக்கும் தினக்கூலிக்கு ஆள் அஞ்சுகிறான். ஓய்வு நாளிலும் இதே பிணக்கு. அலுவலகம் போகிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து விடும் நாள் ஞாயிறு. இளைஞனுடைய சிநேகிதர்களுக்கெல்லாம் விடுமுறையும் அன்றே. செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொள் என்றால், செவ்வாய்க்கிழமை அவன் யாரோடு சினிமாவுக்குப் போவான்?

இவ்வளவையும் மீறி ஒருவன் வேலை கேட்டு வந்துவிட்டால், அவனைத் தெரிந்துகொள்வது எப்படி? ‘என்னென்ன வேலை தெரியும்?’ என்று கேட்டால், ‘எல்லாம் தெரியும்ணே’ என்றுதான் விடை வரும். அந்த விடைக்கு மதிப்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே அனுபவசாலிகள் வாயைக் கேட்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள். ஒரு வண்டியைக் காட்டி பக்கமூடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, டீ குடிக்கிற பாவனையில் ஓரக்கண்ணால் கவனிப்பார்கள். கழற்றிய ஸ்குருக்களை அவன் தரையில் சிதற விடுகிறானா, தட்டில் கழற்றிய வரிசைப்படி வைக்கிறானா? ஸ்குருவின் தலைக்குப் பொருந்தாத திருப்புளியை வைத்து அமுக்கி மரையை வழித்துவிடுகிறானா, வேறு திருப்புளி கேட்கிறானா? எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, மீண்டும் பூட்டும்போது நடக்கிறது: நல்ல தொழிலாளி போல்ட்டை முதலில் வெறும் விரலால் நாலு சுற்று ஏற்றிப் பார்ப்பான், மரை சரியாகக் கவ்வியிருக்கிறது என்பதை விரல் சொன்ன பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவான். தொடக்கத்திலேயே ஸ்பேனரை மாட்டித் திருகுகிறவன், குறுக்கு மரையாக ஏற்றி அலுமினிய உறையையே பாழாக்கிவிடக்கூடியவன். அவனுக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் பயனில்லை. ஒரு மூடியைக் கழற்றிப் பூட்டும் நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பரீட்சைக்கு ஈடான வினாத்தாள் எந்தப் பள்ளியிலும் இல்லை என்பது என் நினைப்பு.

கைத்திறமையை இப்படி அளந்துவிடலாம். நம்பகத்தை அளக்கும் கருவி கிடையாது. பிறர் வண்டியின் சாவி நாள்தோறும் அவன் கையில் இருக்கும். பழுது தீர்ந்ததா என்று பார்க்க ஓட்டிச் செல்லும்போது அவன் எங்கேனும் மோதினால், அடிபட்டவருக்கும் வண்டிக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. நல்ல உதிரிக்குக் காசு வாங்கிக்கொண்டு போலி உதிரியைப் பூட்டிவிட்டால் கெடுவது கடையின் பெயர். இவற்றுக்கும் மேலாக முன்பணம் என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. தேர்ந்த ஆளை அழைக்கும்போது கணிசமான தொகையை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். தங்கை கல்யாணம், வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் என்று அதற்குக் காரணங்கள் உண்மையாகவே இருக்கும். அந்தத் தொகை சம்பளத்தில் கழியும் முன்பே வேறொரு பட்டறைக்காரர் அதை அடைத்து அவனை அழைத்துக்கொண்டு போனால் அது மரியாதையான பிரிவு; அடைக்காமலே ஒரு திங்கட்கிழமை கைபேசி ‘சுவிட்ச் ஆஃப்’ ஆகிவிட்டால் அது மற்ற வகை. முன்பணத்தால் ஆளைக் கட்டிவைக்கலாம் என்று எண்ணும் முதலாளி, கட்டப்பட்டவனுக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்துவிடுகிறார் என்பதும் இங்கே சொல்லத்தக்கது.

நல்ல ஆளால் வரும் துக்கம் வேறு தினுசு. ஐந்தாறு ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்து, வாடிக்கைக்காரர்கள் முதலாளியை விட்டுவிட்டு இவனைக் கேட்கத் தொடங்கிய பிறகு, ஒரு மாலையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்பான்.

‘அண்ணே, ஒண்ணு சொல்லணும்.’

‘சொல்லுடா.’

‘வர்ற ஆவணியில கடை போடலாம்னு இருக்கேன். நீங்கதான் வந்து திறந்து வைக்கணும்.’

‘நல்ல விஷயம்தான். எங்க போடுறே?’

‘நம்ம ரோட்டுலதாண்ணே. பாலத்துக்கு அந்தப் பக்கம்.’

முதலாளி திறந்தும் வைப்பார், முடிந்தால் ஒரு டூல் பெட்டியும் வாங்கிக் கொடுப்பார். ஏனெனில் அவரும் ஒரு காலத்தில் இப்படித்தான் பிரிந்தவர். வித்தியாசம் என்னவென்றால், அவர் பிரிந்தபோது அவருடைய மேஸ்திரியின் கடையில் அடுத்த பையன் தயாராக இருந்தான். இப்போது பிரிகிறவனோடு கடையின் பாதி வேலைத்திறனும், அவன் கைபேசியில் பதிந்திருக்கும் வாடிக்கைக்காரர்களின் எண்களும் சேர்ந்து போய்விடுகின்றன.

கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வடமாநிலத்தவர் வந்துவிட்டார்களே, பட்டறைக்கு மட்டும் ஏன் அவர்கள் அதிகமாக வரவில்லை என்பது பலர் கேட்கும் கேள்வி. கழுவுவது, பஞ்சர் ஒட்டுவது முதலிய வேலைகளுக்கு அங்கங்கே வந்திருக்கிறார்கள். ஆனால் பழுதுபார்த்தல் என்பது கையால் தொடங்குவதன்று, காதால் தொடங்குவது. வண்டிக்காரர் வந்து, ‘மூணாவது கியர்ல மேடு ஏறுறப்ப இழுக்க மாட்டேங்குது’, ‘காலையில மட்டும் மிஸ் அடிக்குது’, ‘பிரேக் பிடிச்சா கடகடன்னு ஒரு சத்தம், ஆனா ரெண்டு பேர் உக்காந்தா வரமாட்டேங்குது’ என்று சொல்லும் வாக்கியங்களில்தான் நோயின் குறிகள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கடகடவுக்கும் கரகரவுக்கும் உள்ள பேதத்தைப் பிடித்துக்கொள்ளாதவன், எவ்வளவு நல்ல தொழிலாளியானாலும், மற்றொருவர் சொல்லக் கேட்டுத்தான் வேலை செய்ய முடியும். சில ஆண்டுகள் இங்கே தங்கித் தமிழ் பேசப் பழகியவர்களுள் அருமையான மெக்கானிக்குகள் உண்டு; அவர்களுக்கும் அவரவர் ஊரில் கடை வைக்கும் ஆசை உண்டு.

இதற்கிடையில் வண்டியே மாறிவிட்டது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அல்லது இணைப்பு பிரேக் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு, கார்ப்பரேட்டர் பெரும்பாலும் விடைபெற்று, எரிபொருளை அளந்து தெளிக்கும் கருவியும், அதை ஆளும் மின்னணுப் பெட்டியும், அதற்குச் செய்தி சொல்லும் சென்ஸர்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. முன்பு காது கேட்டுச் சொன்னதை இப்போது ஸ்கேனர் படித்துச் சொல்கிறது. அந்த ஸ்கேனருக்கு விலை உண்டு, ஒவ்வொரு கம்பெனி வண்டிக்கும் அது ஒத்துவரவும் வேண்டும். பழைய வண்டியின் இயல்பு வேறு. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, இளமையில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திர வித்தையைக் கற்றார் என்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய அவருக்கு அந்த மோட்டார் சைக்கிளே முதல் ஆசான். திறந்து பார்க்கத் தெரிந்தவனுக்கெல்லாம் தன் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்த இயந்திரம் அது. இன்றைய மின்னணுப் பெட்டியோ பிசின் ஊற்றி மூடப்பட்டு வருகிறது. பிரித்தாலும் ஒன்றும் தெரியாது. ஆகையால் பழைய கைக்கு ஸ்கேனர் தெரியவில்லை, ஸ்கேனர் தெரிந்த டிப்ளமாக்காரனுக்கு மரை ஏற்றத் தெரியவில்லை என்ற நிலைமையில், ஒரே ஆளிடம் இரண்டையும் எதிர்பார்க்கும் முதலாளி ஏமாந்துபோகிறார்.

மின்சார வண்டிகள் வந்த பிறகு இளைஞனின் தயக்கம் இன்னும் கூடியிருக்கிறது. ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகும் செய்தியைப் படித்தவன், ‘மூணு வருஷம் குனிஞ்சு எஞ்சின் வேலை கத்துக்கிட்டு வெளிய வந்தா, எஞ்சினே இருக்குமாண்ணே?’ என்று கேட்கிறான். டயரும் பிரேக்கும் பேரிங்கும் சஸ்பென்ஷனும் ஒயரிங்கும் எந்த வண்டியிலும் தேயத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லலாம். சாலையில் ஓடும் பெட்ரோல் வண்டிகள் அனைத்தும் ஒரே இரவில் மறைந்துவிடப்போவதும் இல்லை. ஆயினும் கேள்வி நியாயமானது என்பதை மறுப்பதற்கில்லை.

அரசாங்கம் உதவாமலில்லை, ஆனால் அந்த உதவியின் படிக்கட்டு, சிறிய கடையின் கால் எட்டும் உயரத்துக்கு மேலேதான் தொடங்குகிறது. இ.எஸ்.ஐ. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு, பி.எஃப். இருபது பேருக்கு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், பழகுநருக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கை, மாதம் ரூ.1,500 வரை, அரசே ஏற்கும் திட்டம் 2016-இல் வந்தது. தொழில் பழகுதல் என்ற பழைய வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதவி இருக்க முடியாது. ஆனால் பழகுநரைச் சேர்த்துக்கொள்ள நிறுவனத்தில் குறைந்தது நாலு பேராவது வேலை செய்ய வேண்டும் என்பது 2019-இல் திருத்திய விதி. முதலாளியும் ஓர் ஆளுமாக நடக்கும் பட்டறை அந்தக் கணக்கில் சேராது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை ஒட்டி, ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனம் பழுதுபார்ப்போருக்குமாக ஒரு நல வாரியம் இருக்கிறது; விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவி உண்டு. அதில் தம் ஆளைப் பதிவு செய்து அட்டை வாங்கிக் கொடுப்பது, முதலாளிக்கு அலைச்சலைத் தவிர அதிகச் செலவில்லாத காரியம், செய்கிறவர்கள் குறைவு.

ஊதியத்தையும் உதவியையும் பற்றி எவ்வளவு பேசினாலும், கௌரவத்தைப் பற்றிப் பேசாமல் விஷயம் முடிவதில்லை. முப்பது வயதுத் தொழிலாளியை, கல்லூரியில் படிக்கும் வண்டிக்காரன் ‘தம்பி, சீக்கிரம் முடி’ என்று ஏவுகிறான். பெண் பார்க்கப் போன இடத்தில், நகத்தின் ஓரத்தில் சோப்புக்கும் போகாத கறுப்பைப் பெண்ணின் அத்தை பார்த்துவிடுகிறாள். மெக்கானிக் என்று சொல்லாமல் ‘ஆட்டோமொபைல் லைன்ல இருக்கார்’ என்று தரகர் சொல்லியும் பிரயோஜனமில்லை. இந்த அவமதிப்பைக் கடைக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சியம் அவர்கள் வீட்டிலேயே உண்டு: பிறர் பிள்ளைகள் தம் பட்டறைக்கு வரவில்லையே என்று வருந்தும் இவர்களுள் தம் பிள்ளையைப் பட்டறையில் உட்கார வைத்தவர்கள் எத்தனை பேர்? ‘என்னோட போகட்டும் சார் இந்தக் கறை’ என்று சொல்லி அவனை எஞ்சினியரிங் காலேஜில் சேர்த்துவிட்டு வருகிறார்கள். பெண்கள் இத்தொழிலுக்கு ஏன் வருவதில்லை என்பதற்கோ நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பெரும்பாலான தெருவோரப் பட்டறைகளில் கழிப்பறை கிடையாது.

சில கடைகளில் வேறு வழிகளைச் செய்து பார்க்கிறார்கள். ‘பாதிக்குப் பாதி’ என்பது அவற்றுள் ஒன்று: உதிரியில் வரும் லாபம் முதலாளிக்கு, கூலி இருவருக்கும் சமபங்கு. இதனால் ஆளுக்குத் தன் உழைப்பின் பலன் அன்றன்றே கண்ணுக்குத் தெரிகிறது, பிரிந்து போகும் அவசரமும் தணிகிறது. குறை என்னவெனில், எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு வேலையில் விரைவு வந்துவிடும். சுலபமான வண்டி யாருக்கு, தொல்லை பிடித்த வண்டி யாருக்கு என்று காலையிலேயே சச்சரவு கிளம்பும். கையாளாக வந்த புது ஆளுக்கு இந்தப் பங்கில் இடமும் இல்லை. அவனுக்கு முதல் மாதம் தொட்டே சுமாரான சம்பளம் கொடுத்தால்தான் அவன் தங்குவான். வேலை தெரியாதவனுக்குக் கொடுக்கும் அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும் என்றால், நம்மிடமிருந்துதான் வர வேண்டும். கம்பெனி ஷோரூமில் அச்சடித்த பில்லை வாங்கி மறுபேச்சில்லாமல் பணம் கட்டுகிற நாம், தெருமுனைப் பட்டறையில் மட்டும் ‘ஐம்பது ரூபா கொறைச்சுக்கப்பா’ என்று கேட்கத் தவறுவதில்லை. இதைச் சமாளிக்கக் கடைக்காரர்கள் சிலர், கூலி விவரத்தை எழுதிச் சுவரில் மாட்டி, உதிரிக்குத் தனியாகவும் கூலிக்குத் தனியாகவும் ரசீது போட்டு, பேரத்துக்கு இடமில்லாமல் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். பழக வந்தவனின் சம்பளம் அந்தக் கூலிக்குள் அடங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே வண்டியை வாங்கி வைக்க ஆளில்லாமல் மறுவாரம் திரும்பி வருகிறவர்களும் உண்டு.